ஆயிரத்து அறுநூறு ரூபாயும் ஒரு புளிப் பருவமும்

மாசி பிறந்தால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் திண்ணைதோறும் புளி தட்டும் சத்தம் கேட்கும். உலுக்கிக் கொண்டுவந்த புளியை வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைப் பிதுக்கித் தள்ளுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. கூலி கிலோ கணக்கில். பொழுதெல்லாம் குனிந்து உட்கார்ந்து தட்டினால் இரவில் தோளும் மணிக்கட்டும் கடுக்கும். அம்மா இப்படிக் கஷ்டப்படுவதைப் பார்த்து வளர்ந்த ஐடிஐ மாணவனுக்கோ, சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்ணுக்கோ, இதற்கு ஒரு மிஷின் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தோன்றிய பிறகு என்ன செய்வது என்பதுதான் இங்கே யாரும் சொல்லித்தராத பாடம். கையில் இருக்கும் சொற்பப் பணத்தை இரும்பில் போடுவதா, காகிதத்தில் போடுவதா? எதை முதலில் செய்வது?

தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் தொழிற்சாலைகளும் அதோடு போய்விட்டன. மிஞ்சியது பெரும்பாலும் மானாவாரி நிலம். மா, தக்காளி, புளி, ராகி, மரவள்ளி, பட்டுக்கூடு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்படும் முன்பே, பல்லில் பழுப்புக் கறையோடு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். ஆள் குறைந்து வேலை மட்டும் குறையாத இடத்தில் கருவிக்கான தேவை தானாக எழும். திறமையும் இல்லாமல் இல்லை. 2004 முதல் 2007 வரை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தை நடத்தியது. சொட்டுநீர்க் குழாயையும் உரம் கலந்து விடும் தொட்டியையும் தாங்களே பிரித்துப் பூட்டிப் பழகிய விவசாயிகள் அதிலிருந்து உருவானார்கள்.

முதலில் பணத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடலாம். பேட்டன்ட் என்றால் லட்சக்கணக்கில் ஆகும் என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. அரசுக் கட்டணத்தைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. தனிநபர் ஒருவர் இணையவழியில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். தாளில் அச்சிட்டு, சென்னை கிண்டியில் ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பினால் 1,750. முதலில் கண்டுபிடிப்பை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். முழு விவரக்குறிப்பு 30 பக்கத்தையும் 10 உரிமைக் கோரல்களையும் (எதெதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகள்) தாண்டாதவரை அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. தாண்டினால் பக்கத்துக்கு 160 ரூபாய், கோரலுக்கு 320 ரூபாய். பரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கும் படிவம் 18-க்கு 4,000 ரூபாய். ஆக, தடை எதுவும் வராவிட்டால் 5,600 ரூபாய் அரசுக் கட்டணத்தில் காப்புரிமை கைக்கு வரலாம். இதே இரண்டுக்கும் பெரிய நிறுவனம் ஒன்று 28,000 ரூபாய் கட்ட வேண்டும்.

பிறகு ஆண்டுக் கட்டணம். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800, பத்தாம் ஆண்டு வரை 2,400, பதினைந்தாம் ஆண்டு வரை 4,800, இருபதாம் ஆண்டு வரை 8,000. இருபது ஆண்டுக்கும் கூட்டினால் 76,800 ரூபாய். முதல் பத்தாண்டுக்கு மட்டும் என்றால் 12,800. புளி மிஷினுக்கு இருபது ஆண்டுப் பாதுகாப்பு தேவைப்படுமா என்பதைப் பத்தாம் ஆண்டில் விற்பனையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். கட்டாமல் விட்டால் உரிமை காலாவதியாகும், அவ்வளவுதான். கடன் எதுவும் தலையில் விழாது.

இந்தக் கணக்கில் காப்புரிமை ஏஜென்டின் கட்டணம் இல்லை. அது அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. ஏஜென்ட் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கண்டுபிடித்தவரே எழுதிக் கொடுக்கலாம். என்றாலும் முழு விவரக்குறிப்பில் வரும் உரிமைக் கோரல்களை மட்டுமாவது தெரிந்தவர் கையில் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பணம் கரைவது மாதிரி செய்வதில்தான். புளியையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் முழு மிஷினையும் மனதில் வரைந்துகொண்டு, ஆங்கிளும் ஷீட்டும் மோட்டாரும் வாங்கி, வெல்டிங் பட்டறையில் இறக்கிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் கொட்டையும் சேர்ந்து நொறுங்கும். நொறுங்கிய கொட்டைத் தூள் கலந்த புளிக்கு மண்டியில் விலை இல்லை. வெல்டிங் செய்த சட்டத்தை அறுத்துத்தான் மாற்ற வேண்டும். போட்ட பணம் பாதி அங்கேயே போய்விடும்.

மிஷினில் நிரூபிக்க வேண்டியது முதலில் ஒரே ஒரு விஷயம்: கொட்டை உடையாமல் சதை பிரிகிறதா? இதற்கு மோட்டார் வேண்டாம், சட்டம் வேண்டாம். ரப்பர் சுற்றிய இரண்டு உருளைகள், இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, சுற்றுவதற்குப் பழைய சைக்கிளின் பெடலும் செயினும் போதும். பலகையில் பொருத்தி, ஒவ்வொரு கிலோவாகப் போட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி எவ்வளவு, எத்தனை கொட்டை உடைந்தது, புளி அன்றைக்குக் காய்ந்திருந்ததா, காலைப் பனியில் நமுத்திருந்ததா என்று தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். காய்ந்த புளி ஒரு மாதிரி நடந்துகொள்ளும். ஈரம் ஏறிய புளி உருளையில் அப்பிக்கொள்ளும். அப்புவதை வழிக்க நீங்கள் கண்டுபிடிக்கும் வழிதான் பெரும்பாலும் உண்மையான கண்டுபிடிப்பாக இருக்கும். உருளையைப் பற்றி எல்லோரும் யோசித்திருப்பார்கள். அப்பிய சதையை எப்படி வழிப்பது என்று, மிஷினை ஓட்டிப் பார்த்தவர் மட்டும்தான் யோசித்திருப்பார்.

அடுத்த கட்டத்தில் சட்டம் போடும்போது வெல்டிங் வேண்டாம். நீளவாட்டத் துளை போட்ட ஆங்கிளில் போல்ட் நட்டு வைத்து முடுக்குங்கள். உருளையை அரை அங்குலம் நகர்த்த வேண்டுமென்றால் ஸ்பேனர் போதும். புல்லி, வி-பெல்ட், பேரிங் எல்லாம் கடையில் கிடைக்கும் அளவிலேயே இருக்கட்டும். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் மிஷின் அதிரும். மோட்டார் வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் கேட்கும் மிஷின் கிணற்று மேட்டைத் தாண்டித் திண்ணைக்கு வராது. புளி படும் பாகங்கள் மட்டும் கடைசி மாதிரியில் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பில் புளியின் அமிலம் பட்டால் சதை கறுத்துவிடும். ஆரம்பச் சோதனைகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை, அந்தப் புளியை விற்காமல் இருந்தால் சரி.

மதுரை மாவட்டம் மேலக்காலைச் சேர்ந்த பி. எம். முருகேசன் வாழைநாரில் கயிறு திரிக்கும் இயந்திரத்தைச் செய்தது இந்த வழியில்தான். தென்னைநார்க் கயிறு திரிக்கும் இயந்திரத்தில் வாழைநாரைப் போட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை. பிறகு சைக்கிள் சக்கரத்தின் ரிம்மையும் புல்லியையும் வைத்துத் தொடங்கினார். கோவையின் அருணாசலம் முருகானந்தம் நாப்கின் இயந்திரத்தில் அடைந்த வெற்றியும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் வந்ததே. 1998-ல் திருமணமான சில நாட்களில் அவருக்கு யோசனை பிறந்தது. பஞ்சு ஏன் உறிஞ்சி வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு விடை கிடைக்கவே ஆண்டுகள் ஆயின. கம்பெனிகள் பயன்படுத்துவது பருத்தி இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரிந்த பிறகுதான் இயந்திரத்தின் வடிவம் பிறந்தது. கோடிக்கணக்கான ரூபாய் இயந்திரம் செய்யும் வேலையைச் சிறு சிறு தனி இயந்திரங்களாக அவர் பிரித்தார். 2016-ல் பத்மஸ்ரீ வந்தது. அவர் காப்புரிமை எடுத்தார். ஆனால் அதைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல், பெண்கள் குழுக்களுக்கு இயந்திரத்தை விற்றார். காப்புரிமை அவருடைய வருமானத்தின் ஊற்றாக இல்லை. யோசனை அவருடையது என்பதற்குச் சான்றாக இருந்தது. முதல் கண்டுபிடிப்பாளர் காப்புரிமையிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அநேகமாக அவ்வளவே.

இப்போது எதை முன்னால் செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்த நாளிலிருந்து கிடைக்கும் 12 மாதம்தான், கையில் காசில்லாத கண்டுபிடிப்பாளருக்குச் சட்டம் கொடுக்கும் மிகப் பெரிய முதலீடு. 1,600 ரூபாயில் தேதி பதிவாகிவிடுகிறது. அந்த ஓராண்டில் மாதிரியைத் திருத்தலாம், வாங்குவார்களா என்று விசாரிக்கலாம், பணம் தேடலாம். ஆண்டு முடியும்போது இது தேறாது என்று தெரிந்தால் விட்டுவிடலாம். இழப்பு 1,600 மட்டும்.

ஆனால் விவசாயக் கருவிக்கு 12 மாதம் என்பது நாட்காட்டிக் கணக்கு இல்லை, பருவக் கணக்கு. இந்த விஷயத்தை நகரத்து ஏஜென்டுகள் சொல்லிக் கேட்டதில்லை. புளி உலுக்குவது தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. ஒருவர் ஏப்ரலில் விண்ணப்பித்தால் அந்த ஆண்டுப் புளி முடிந்திருக்கும். அடுத்த புளி வரும்போது அவருக்கு மிச்சம் இரண்டு மாதம்தான். ஓட்டிப் பார்த்து, கோளாறைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி ஓட்டி, முழு விவரக்குறிப்பும் எழுத அது போதாது. அதையே டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதலிலோ கொடுத்தால் ஒரு பருவம் முழுதாகக் கிடைக்கும். திருத்தி அமைக்க மீதி மாதங்கள் இருக்கும். மாங்காய் பறிக்கும் கருவிக்கு மார்ச், ராகி அடிக்கும் கருவிக்கு அறுவடைக்கு முந்தைய மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு.

பருவத்துக்கு முன்பே விண்ணப்பிப்பதற்கு இன்னொரு காரணம், ஊர் கண். காப்புரிமைக்குத் தேவையான புதுமை என்பது விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கும் வெளிப்படாதிருப்பது. நீங்களே யூடியூபில் போட்ட வீடியோவும் உங்களுக்கு எதிரான சான்றாகும். வேளாண் கண்காட்சியில் ஸ்டால் போட்டு ஓட்டிக் காட்டினாலும் அதே கதிதான். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கண்காட்சிக்கு 12 மாதச் சலுகை தருகிறது என்பார்கள். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான் அது பொருந்தும். நம் ஊர்க் கண்காட்சிகளை நம்பி அதில் இறங்கக் கூடாது. பலரும் அறியாதது 32-ஆம் பிரிவு. பொது இடத்தில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்ற தன்மையுள்ள கண்டுபிடிப்பை, நியாயமான சோதனைக்காக மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால், ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும்வரை அது புதுமையைக் கெடுக்காது. களத்தில், வயலில் ஓடும் கருவிகளுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. என்றாலும் இதைக் கேடயமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. சோதனை என்பதற்கு நோட்டில் எழுதிய பதிவு, கூலிக்கு ஓட்டவில்லை என்பதற்குச் சான்று எல்லாம் கேட்பார்கள். 1,600 கட்டிவிட்டு ஓட்டினால் இந்த வாதமே எழாது.

பட்டறைக்காரர் பற்றியும் ஒரு வார்த்தை. ரகசிய ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது சரியான வழிதான். பழகிய மனிதரிடம் அதை நீட்டக் கூச்சம் இருக்கும், என்றாலும் நீட்டுங்கள். அதைவிட முக்கியம், மூல யோசனையில் அவர் பங்கு இருந்தால் அதை ஒப்புக்கொள்வது. 'அண்ணே, இந்த சீப்பு மாதிரி தகட்ட இப்படிச் சாய்ச்சு வெச்சா வழிச்சுட்டு வந்துடும்' என்று அவர் சொல்லி, அந்தத் தகடே கோரலில் இடம்பெற்றால் அவரும் கண்டுபிடிப்பாளர்தான். பெயரை மறைப்பது பின்னால் காப்புரிமையையே கவிழ்க்கும். சேர்ந்து விண்ணப்பித்தால் இருவருக்கும் சம உரிமை. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் உரிமம் கொடுக்க முடியாது. இதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்வது உறவையும் காக்கும்.

எல்லாப் புதுமையும் காப்புரிமைக்கு உரியதில்லை. நடவு செய்யும் புதிய முறை, தண்ணீர் பாய்ச்சும் முறை போன்றவை பிரிவு 3(எச்)-ன்படி விலக்கப்பட்டவை. அதைச் செய்யும் கருவிக்குக் கேட்கலாம். பாட்டி காலத்து மருந்து, பரம்பரை அறிவு பிரிவு 3(பி)-ல் தள்ளுபடியாகும். புதிய ராகி ரகம் வைத்திருக்கும் விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதில் விவசாயியின் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. தெரிந்த பாகங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தனியே செய்தால் அது 3(எஃப்)-ல் சிக்கும்.

பட்டறையில் பிறக்கும் கண்டுபிடிப்புகளுக்குப் பெரிய கண்டம் ஒரு பாத்திரக் கடைசல் வழக்கில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951-ல் ஒரு காப்புரிமை கேட்டு வாங்கியது. லேத்தில் பாத்திரத்தைக் கடையும்போது அது நழுவாமல் இருக்க, எதிர்முனையிலிருந்து ஒரு கூர்முனைச் சுழல்தண்டால் அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடு அது. வேலை வேகமானது, ஆபத்து குறைந்தது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற போட்டி நிறுவனத்தோடு வழக்கு. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. அந்தச் சுழல்தண்டு லேத்தில் நெடுங்காலமாக இருக்கும் பாகம். அதை இங்கே பயன்படுத்தியது பட்டறைத் திருத்தம், கண்டுபிடிப்பு இல்லை என்பது சாரம். காப்புரிமை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். பயனுள்ளதாக இருப்பது வேறு, அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருப்பது வேறு. இரண்டாவதை உங்கள் நோட்டுதான் நிரூபிக்கும்: எல்லோரும் செய்யும் வழியில் செய்தபோது எவ்வளவு கொட்டை உடைந்தது, உங்கள் வழியில் எவ்வளவு.

ஆகவே தேடல். விண்ணப்பிக்கும் முன் இரண்டு வாரம் இதற்கு ஒதுக்க வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம், கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெனெட் மூன்றும் இலவசம். புளி விஷயத்தில் வேளாண் பல்கலைக்கழகங்கள் செய்த ஓடு நீக்கும், கொட்டை நீக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே உண்டு. அவற்றின் படத்தைப் பார்த்ததும் மனம் உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். உடைய வேண்டாம். அந்த இயந்திரங்கள் ஏன் திண்ணைக்கு வரவில்லை என்று யோசித்தால் உங்கள் இடம் புலப்படும். விலையா, எடையா, மின்சாரமா, நமுத்த புளியா? அந்த ஏன் என்பதற்கான விடையில் தொழில்நுட்பம் இருந்தால் அதுதான் கோரல்.

கோரலை எழுதுவதில்தான் தெரிந்தவர் வேண்டும் என்றேன். 'ரப்பர் சுற்றிய இரண்டு உருளைகளும் எஃகுச் சீப்புத் தகடும் கொண்ட இயந்திரம்' என்று எழுதினால், பக்கத்து ஊர்க்காரர் ரப்பருக்குப் பதில் நைலான் போட்டுத் தப்பிவிடுவார். 'அழுத்தும்போது வளைந்துகொடுக்கும் மேற்பரப்புள்ள உருளை' என்று விரித்தால் அவர் சிக்குவார்; ஆனால் விரிக்க விரிக்கப் பழைய இயந்திரங்களின் மேல் போய் விழும் அபாயமும் கூடும். முதல் கோரல் விரிந்தும், அடுத்தடுத்த கோரல்கள் ஒடுங்கியும் இருக்க வேண்டும். இந்தக் கணிப்பு பழக்கத்தில் வருவது. தற்காலிக விவரக்குறிப்பைச் சொந்தமாகவும், முழு விவரக்குறிப்பின் கோரல்களை ஏஜென்டைக் கொண்டும் எழுதினால் செலவு பாதியாகக் குறையும். தற்காலிகத்தில் சொல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது என்பதால், தோன்றிய எல்லா மாற்று வழிகளையும் படம் போட்டு முதலிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டாம் பருவத்தில் புதுத் திருத்தம் தோன்றினால், கூடுதல் காப்புரிமை என்று 54-ஆம் பிரிவில் ஒன்று இருக்கிறது. மூலக் காப்புரிமை உயிரோடு இருக்கும்வரை அதற்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது.

சரி, கையில் வந்துவிட்டது; ஒருவர் நகல் எடுக்கிறார். என்ன செய்வது? இந்த இடத்தில் நம்பிக்கையை அளந்து வைக்க வேண்டும். மதுரையைச் சேர்ந்த சோமசுந்தரம் ராம்குமார் ஒரே செல்பேசியில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் பயன்படுத்துவதற்கு 2002-ல் விண்ணப்பித்து 2008-ல் காப்புரிமை பெற்றார். இறக்குமதியாகும் செல்பேசிகளைச் சுங்கத் துறையே நிறுத்தும் அளவுக்கு அது போனது. பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. 2012-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது. இன்னொரு வழக்கு, ஒருகாலத்தில் தர்மபுரி மாவட்டமாக இருந்த ஓசூரின் டிவிஎஸ் மீது பஜாஜ் தொடுத்தது. இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் பற்றி 2007-ல் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றி, 2019-ல் சமரசத்தில் முடிந்தது. இரண்டு பெரிய கம்பெனிகளுக்கே பன்னிரண்டு ஆண்டு. சிறு கண்டுபிடிப்பாளர் நீதிமன்றத்தை நம்பி முதலீடு செய்யக் கூடாது. நகல் எடுப்பவரோடு உரிமம் பேசி, மிஷினுக்கு இவ்வளவு என்று வாங்குவதற்குப் பிடிமானமாகவே காப்புரிமை உதவும்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஜெர்மனியிலும் சீனாவிலும் சிறு கருவித் திருத்தங்களுக்குப் பயன்பாட்டு மாதிரி என்ற குறுகிய காலப் பாதுகாப்பு உண்டு. மலிவாகவும் விரைவாகவும் கிடைக்கும். மிர்சாப்பூர் சுழல்தண்டு போன்றவற்றுக்கு அதுதான் சரியான சட்டை. 2011-ல் மத்திய தொழில் கொள்கைத் துறை இதைப் பற்றி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது, சட்டமாகவில்லை. அதுவரை தோற்றத்துக்கு மட்டும் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது: தனிநபருக்கு 1,000 ரூபாய், 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். மிஷின் இயங்கும் விதத்தை அது காக்காது. கைப்பிடியின் வடிவமே விற்பனையைத் தீர்மானிக்கும் பொருளென்றால் நல்ல பயன்.

பண உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவற்றின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2000-ல் தொடங்கிய தேசிய புத்தாக்க நிறுவனம், காந்திநகரில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு தாண்டாத கண்டுபிடிப்பாளர்களுக்காகவே ஏற்பட்டது. அவர்களின் பெயரிலேயே தன் செலவில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறது. தமிழில் இத்தகைய முயற்சிக்கு வேர் போட்டது மதுரையின் சேவா அமைப்பும், அது நடத்தும் 'நம் வழி வேளாண்மை' இதழும். மத்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சித் துறையின் பிரிசம் திட்டத்தில் தனிநபர் மாதிரி செய்ய உதவி உண்டு. தமிழ்நாட்டின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர் முதல் கட்டத்தில் 2 லட்சம், அடுத்த கட்டத்தில் 5 லட்சம் வரை. உத்யம் பதிவு செய்த சிறுதொழிலுக்கு, கிடைத்த காப்புரிமைச் செலவில் ஒரு லட்சம் வரை திருப்பித்தர 2022-ல் வந்த எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டம் இருக்கிறது. ஸ்டார்ட்அப்பாக அங்கீகாரம் பெற்றால் ஏஜென்ட் கட்டணத்தை அரசே ஏற்கும். விண்ணப்பதாரர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் 8,000 ரூபாய் கட்டி விரைவுப் பரிசீலனை கேட்கலாம். புளி தட்டும் பெண்கள் குழுவிலிருந்தே ஒரு மிஷின் பிறந்தால் இது உதவும்.

இவ்வளவும் இருந்தும் தர்மபுரியிலிருந்து விண்ணப்பம் போவது ஏன் கடினமாக இருக்கிறது? கட்டணத்தைக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன வாசல்கள் பெரும்பாலும் சென்னையிலும் டெல்லியிலும் காந்திநகரிலும் இருக்கின்றன. தேடிப் பார்க்கவும் படம் வரையவும் கூட உட்கார ஓர் ஆள் மாவட்டத்துக்குள் வேண்டும். செட்டிக்கரையில் 2013 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுக்கு, கடையில் வாங்கிவரும் தலைப்புகளுக்குப் பதில், இந்த ஊர்த் திண்ணையின் தலைப்புகளைக் கொடுக்கலாம். மாணவருக்குப் பட்டமும் விவசாயிக்குப் படமும் கிடைக்கும். உரிமை யாருக்கு என்பதை மட்டும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். கல்லூரியின் பெயரில் விண்ணப்பம் போய், யோசனை சொன்னவர் பெயர் விடுபட்டால் அது அநீதி.

அதைவிட உயரமான சுவர் மொழி. 2003-ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 9-ஆம் விதி, ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது. கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு வருகின்றன. இத்தனை பேரின் தாய்மொழிகளில் ஒன்றில்கூட அங்கே ஒரு விவரக்குறிப்பைக் கொடுக்க முடியாது. நமுத்த புளி உருளையில் எப்படி அப்புகிறது, தகட்டை எந்தச் சாய்வில் வைத்தால் வழிகிறது என்பதைத் தமிழில் ஐயமறச் சொல்லக்கூடியவர், தெரியாத மொழியில் சொல்லத் தெரியாமல் தேதியை இழக்கிறார். அமெரிக்காவில் தற்காலிக விண்ணப்பத்தை எந்த மொழியிலும் கொடுக்கலாம். 2000-ல் ஜெனீவாவில் ஏற்பட்ட காப்புரிமைச் சட்ட உடன்படிக்கையும், விண்ணப்பத் தேதி பெறுவதற்கு விவரிப்பு எந்த மொழியில் இருந்தாலும் போதும், மொழிபெயர்ப்பு பின்னால் வரலாம் என்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. அதில் சேராமலேகூடச் செய்யலாம். தற்காலிக விவரக்குறிப்பை மட்டும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஏற்று, 12 மாதத்தில் வரும் முழு விவரக்குறிப்பை இப்போதுள்ள மொழிகளில் கேட்டால் அலுவலகத்தின் பரிசீலனை வேலை ஒரு பக்கம்கூட அதிகரிக்காது. இதற்கு நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் தேவையில்லை. மொழியை வரையறுப்பது விதி. விதியைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. 2024 மார்ச்சில் பரிசீலனைக் கோரிக்கைக்கான கெடுவை 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைத்ததும் அந்த அதிகாரத்தைக் கொண்டு, ஓர் அரசிதழ் அறிவிக்கையால்தான்.